நெஸ்டாவுக்குப் பதில் வந்தவர்

மார்கோ மெட்டராஸி, 1973 ஆகஸ்ட் 19 அன்று தென் இத்தாலியின் லெச்சே நகரில் பிறந்த தடுப்பாட்டக்காரர். 2006-ல் உலகக் கோப்பையை வென்ற இத்தாலி அணியில் ஆடியவர். 2010-ல் இன்டர் மிலன் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியபோது களத்தில் நின்றவர். 2015-ல் சென்னையின் எஃப்.சி.க்கு அதன் முதல் ஐ.எஸ்.எல். பட்டத்தை வாங்கித்தந்த பயிற்சியாளர். இத்தனை இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலோருக்கு நினைவு வருவது 2006 இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ஜிடேன் அவர் மார்பில் முட்டிய முட்டுதான். அதை அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. வாயைக் கொடுத்தவர் அவர்தானே. ஆனால் அந்த முட்டுக்கு முன்னும் பின்னும் இருபது ஆண்டு ஆட்டம் இருக்கிறது. அதை வரிசையாகப் பார்த்தால் அவர் முதல் தேர்வாக இருந்த இடங்கள் மிகக் குறைவு என்பது தெரியும். யாரோ காயப்பட்டபோது, யாருக்கோ பதிலாக உள்ளே இறங்கி, இறங்கிய இடத்தில் காலூன்றிக்கொண்டவர் அவர். அந்த ‘யாரோ’, முக்கியமான இரண்டு தருணங்களிலும் சக தடுப்பாட்டக்காரர் அலெஸாண்ட்ரோ நெஸ்டா.

தந்தை ஜுசெப்பே மெட்டராஸியும் தடுப்பாட்டக்காரர். லெச்சே அணிக்கு ஆடியவர். பிறகு பயிற்சியாளராகி லாசியோ, பாரி உட்படப் பல அணிகளை நடத்தினார். இத்தாலியில் பயிற்சியாளர் வேலை என்பது இரண்டு தோல்விகளில் பெட்டியைக் கட்டவைக்கும் வேலை. ஊர் ஊராக மாறியே மகனின் சிறுவயது கழிந்தது. பதின்பருவத்தில் தாயும் இறந்தார். தந்தையின் பெயர் கதவைத் திறந்துவிடும் என்று எண்ணத் தோன்றும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மெஸ்ஸினாவின் இளையோர் அணி, ரோமாபுரியின் அமெச்சூர் அணியான டோர் டி குவின்டோ, அடுத்து சிசிலியின் மேற்கு முனையில் மர்சாலா. இருபது வயதில் அவர் ஆடிக்கொண்டிருந்தது இத்தாலியக் கால்பந்தின் கீழ்த்தளம் ஒன்றில்.

1993-94 பருவம் அது. அதே பருவத்தில்தான், 1994 மார்ச்சில், அவரைவிட ஏறக்குறைய மூன்று வயது இளையவரான நெஸ்டா, பதினெட்டு நிரம்புவதற்குச் சில நாள் முன்பு, லாசியோவுக்காக முதல் தளமான சீரி ஆ-வில் களமிறங்கினார். ஒருவர் ஏணியின் உச்சிப்படியில் தொடங்கினார்; மற்றவர் அடிப்படியில். பின்னாளில் இருவரும் ஒரே தேசிய அணிச் சட்டையை அணிந்தபோதும் இந்த வேறுபாடு ஆட்டத்தில் தெரிந்தது.

மர்சாலாவிலிருந்து பக்கத்து ஊரான டிரபானிக்கு, இன்னும் மேலே. 1995-ல் நடு இத்தாலியின் பெருஜியாவுக்கு, இரண்டாம் தளத்துக்கு. 1996-ல் பெருஜியா முதல் தளத்துக்கு உயர்ந்தது. மெட்டராஸியோ அந்த மகிழ்ச்சியை முழுதாக அனுபவிக்கவில்லை; மூன்றாம் தளத்தில் இருந்த கார்பி அணிக்குக் கடனாக அனுப்பப்பட்டார். கார்பியில் ஆடித் திரும்பிய பிறகே பெருஜியாவில் இடம் உறுதியானது. அப்போது வயது 24-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஸ்டாப்பர் என்ற பழைய வேலை

இத்தாலியத் தடுப்பாட்டத்தின் பெருமை 1960-களில் ஹெலெனியோ ஹெரேரா நடத்திய இன்டர் மிலனிலிருந்து உலகுக்குத் தெரிந்தது. எதிரணியின் ஒவ்வொரு முன்கள வீரருக்கும் ஒரு காவலாள். அந்தக் காவலர்களுக்குப் பின்னால், யாரையும் காக்கும் பொறுப்பில்லாமல், தவறி வரும் பந்தையெல்லாம் துடைத்தெறிய இன்னொருவர்; அவர் லிபெரோ. எதிரணியின் நடு முன்கள வீரரோடு நிழலாக ஒட்டி நிற்பவர் ஸ்டாப்பர். சென்னை மைதானங்களிலும் பழைய ஆட்டக்காரர்கள் ‘ஸ்டாப்பர் பேக்’ என்றே சொல்லிப் பழகிய இடம் அது. ஸ்டாப்பருக்கு அழகு தேவையில்லை. ஆளை விடாமல் இருந்தால் போதும்.

1982 உலகக் கோப்பையில் கிளாடியோ ஜென்டிலே, பிரேசிலின் ஜிகோவைக் காத்த விதம் இந்தக் கலையின் பாடப்புத்தக உதாரணம். இத்தாலி 3-2 என்று வென்ற அந்த பார்சிலோனா ஆட்டம் முடிவதற்குள் ஜிகோவின் சட்டை கிழிந்திருந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து அதே ஜிகோ, கோவா அணியின் பயிற்சியாளராக, இன்னொரு இத்தாலிய ஸ்டாப்பரின் அணியிடம் ஒரு கோப்பையை இழக்கப்போகிறார். அது பின்னால் வரும்.

1980-களின் கடைசியில் அர்ரிகோ சாக்கி, ஏ.சி. மிலனில் இந்த முறையைக் கலைத்தார். ஆளைக் காப்பதை விட்டு இடத்தைக் காப்பது; நான்கு பின்கள வீரர்களும் ஒரே கோடாக முன்னும் பின்னும் நகர்வது. இதற்குத் தேவை வேகமும், பந்து எங்கே வரப்போகிறது என்பதை ஒரு நொடி முன்பே படிக்கும் கண்ணும். பரேசி, மால்டினி, நெஸ்டா மூவரும் இந்தப் புதுப் பள்ளியின் தலைசிறந்த மாணவர்கள். நெஸ்டா ஆடும்போது சட்டையில் அழுக்கு படாது என்று தோன்றும். எதிராளி பந்தைத் தொடுவதற்கு முன்பே அவர் வேலை முடிந்திருக்கும்.

மெட்டராஸி புதுப் பள்ளிக்குள் நுழைந்த பழைய பள்ளி ஆள். உயரம் 1.93 மீட்டர், இடதுகாலர், வேகம் சுமார். எதிராளியை உடம்பால் சந்தித்தே தீரவேண்டிய ஆட்டம் அவருடையது. உடம்பால் சந்திப்பவர் அரை நொடி தாமதித்தால் பந்துக்குப் பதில் கால் அகப்படும். கால் அகப்பட்டால் அட்டை வரும். மஞ்சளும் சிவப்புமாக அவர் வாங்கிக் குவித்த அட்டைகளுக்குக் கோபம் ஒரு காரணம் என்றால், ஆட்டத்தின் அமைப்பு மறுகாரணம். முதலாவதை மட்டும் எழுதியவர்கள் அதிகம். அதே உயரமும் அதே முரட்டுத் தைரியமும் கார்னர் பந்துக்கு எதிரணியின் கோல் முகப்பில் போய் நிற்கும்போது கோலாக மாறின.

1998-ல் இங்கிலாந்தின் எவர்ட்டன் அவரை வாங்கியது. ஒரு பருவம், 27 லீக் ஆட்டங்கள், பல வெளியேற்றங்கள். ஆங்கில முன்கள வீரர்கள் மோதலுக்கு அஞ்சாதவர்கள்; ஆங்கில நடுவர்கள் அவருடைய மோதலை ஏற்காதவர்கள். அடுத்த ஆண்டே பெருஜியாவுக்குத் திரும்பினார். அங்கேதான், 2000-01 பருவத்தில், ஒரு தடுப்பாட்டக்காரர் சீரி ஆ-வில் ஒரே பருவத்தில் அடித்த கோல்களுக்கான சாதனையை முறியடித்தார்: 12 கோல்கள். அதற்கு முன் அர்ஜென்டினாவின் டேனியல் பசரெல்லா 11 கோல்களோடு அந்தச் சாதனையை வைத்திருந்தார். மெட்டராஸியின் கணக்கில் பெனால்டிகளும் உண்டு. பசரெல்லாவோ உலகக் கோப்பையைத் தூக்கிய தலைவர். ஒப்பீடு அவ்வளவு நேரானதில்லை என்றாலும் எண் எண்தான். 2001 ஏப்ரல் 25 அன்று, தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக, பெருஜியா நகரிலேயே இத்தாலியின் தேசிய அணிக்கு முதல் ஆட்டம். அந்தக் கோடையில் இன்டர் மிலன் அழைத்துக்கொண்டது. வயது 28 ஆகப்போகிறது. பலருக்கு இறங்குமுகம் தொடங்கும் வயது.

இன்டரில் முதல் ஐந்து ஆண்டுகள்

இன்டரில் முதல் பருவமே கண்ணீரில் முடிந்தது. 2002 மே 5 அன்று, கடைசி ஆட்டத்தில் லாசியோவை வென்றால் பட்டம். தங்கள் பரம எதிரியான ரோமா பட்டம் வெல்லக்கூடாது என்பதற்காக லாசியோ ரசிகர்களே இன்டருக்குக் குரல் கொடுத்த விசித்திர நாள் அது. இன்டர் 4-2 என்று தோற்றது. பட்டம் யுவென்டஸுக்குப் போனது. மைதானத்திலேயே அழுத மெட்டராஸியின் படம் இத்தாலி முழுக்கச் சுற்றியது. ஒருகாலத்தில் தன் தந்தை நடத்திய அணியின் கையால் வந்த தோல்வி என்பது கூடுதல் கசப்பு.

அடுத்த மாதம் ஜப்பானிலும் தென் கொரியாவிலும் உலகக் கோப்பை. குரோஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நெஸ்டா காயப்பட்டு வெளியேற, பதிலாக இறங்கினார் மெட்டராஸி. முன்னிலையில் இருந்த இத்தாலி 2-1 என்று தோற்றது. மாற்றாள் கிடைத்த வாய்ப்பைக் கெடுத்தார் என்ற பேச்சு எழுந்தது.

2004 பிப்ரவரியில் நடந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை. சியெனா அணியோடு நடந்த ஆட்டத்தில் அவர் ஆடவே இல்லை. ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குப் போகும் சுரங்க வழியில் எதிரணியின் புரூனோ சிரில்லோவை முகத்தில் குத்தினார். இரண்டு மாதத் தடை. அவரைப் பற்றி நல்லது எழுத நினைக்கும் எவரும் தாண்டிப்போக முடியாத சம்பவம் இது.

இதற்கு நேர் எதிரான ஒரு படமும் இருக்கிறது. 2005 ஏப்ரல் 12, சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. மிலன் நகரின் இரு அணிகளும் மோதுகின்றன. இன்டர் ரசிகர்கள் எறிந்த தீப்பந்தங்களில் ஒன்று ஏ.சி. மிலன் கோல்கீப்பர் டிடா மேல் விழுந்தது; ஆட்டம் நின்றது. செம்புகை சூழ்ந்த களத்தில் எதிரணியின் ரூயி கோஸ்டாவின் தோளில் மெட்டராஸி முழங்கையை ஊன்றியபடி நிற்க, இருவரும் புகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கால்பந்துப் புகைப்படங்களில் இதைவிடப் புகழ்பெற்றவை சிலவே. கைகலப்புக்குப் பெயர்போனவருக்கு, எதிராளியின் தோள் சாய்வுப்பலகை ஆனது.

பெர்லின், 2006 ஜூலை 9

2006 உலகக் கோப்பைக்கு இத்தாலி புறப்பட்டபோது பயிற்சியாளர் மார்செலோ லிப்பியின் நடுத் தடுப்பு ஜோடி கன்னவாரோவும் நெஸ்டாவும். ஜூன் 22, ஹம்பர்க்கில் செக் குடியரசுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம் கடந்ததும் நெஸ்டா மீண்டும் காயப்பட்டார். நான்காண்டுக்கு முந்தைய அதே காட்சி. இம்முறை உள்ளே வந்தவர் பத்து நிமிடத்துக்குள் டோட்டியின் கார்னர் பந்தைத் தலையால் முட்டிக் கோலாக்கினார். இத்தாலி 2-0. நெஸ்டா அந்தப் போட்டித்தொடரில் மறுபடி ஆடவில்லை.

அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சிவப்பு அட்டை. உக்ரைனுக்கு எதிரான காலிறுதிக்குத் தடை. அரையிறுதியில் திரும்பினார். டார்ட்மண்டில் ஜெர்மனியை, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் கிராஸோவும் டெல் பியரோவும் அடித்த கோல்களால் இத்தாலி 2-0 என வென்றது. அன்று கன்னவாரோவும் மெட்டராஸியும் சேர்ந்து நின்ற நிற்பு, இருவரின் வாழ்நாள் ஆட்டங்களில் ஒன்று.

பிரான்சுக்கு எதிரான இறுதி ஆட்டம் தொடங்கி ஏழாம் நிமிடம். மலூடாவை மெட்டராஸி வீழ்த்தியதாக நடுவர் பெனால்டி கொடுத்தார். ஜிடேன் பந்தை மெதுவாக, கிள்ளிப் போட்டதுபோல் தூக்கி விட, அது குறுக்குக் கம்பத்தின் அடியில் பட்டு உள்ளே விழுந்தது. பத்தொன்பதாம் நிமிடம் பிர்லோவின் கார்னர்; பாட்ரிக் வியேராவுக்கு மேலே எழும்பி மெட்டராஸி தலையால் முட்ட, 1-1. ஆட்டத்தின் இரு கோல்களுக்கும், நூற்றுப் பத்தாம் நிமிடத்தில் நடந்ததற்கும் ஒரே ஆள் காரணம் என்பது உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் வேறெங்கும் காணாத ஒன்று.

நூற்றுப் பத்தாம் நிமிடத்தில் மெட்டராஸி ஜிடேனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டை வேண்டுமானால் ஆட்டம் முடிந்ததும் தருகிறேன் என்று ஜிடேன் ஏளனமாகச் சொன்னார். பதிலுக்கு ஜிடேனின் சகோதரியைப் பற்றி மெட்டராஸி கேவலமாக ஒன்று சொன்னார். இதை அந்த ஆண்டு செப்டம்பரில் அவரே ஒப்புக்கொண்டார். தாயைப் பழித்தார், இனத்தைப் பழித்தார் என்று முதல் வாரங்களில் பரவிய செய்திகள் நிற்கவில்லை. அப்படி எழுதிய பிரிட்டிஷ் நாளிதழ்கள் சில பின்னர் அவருக்கு இழப்பீடு கொடுத்தன. நடந்துபோய்க்கொண்டிருந்த ஜிடேன் திரும்பிவந்து தலையால் மார்பில் முட்டினார். நடுவர் ஒராசியோ எலிசோண்டோ அதைப் பார்க்கவில்லை; நான்காம் நடுவர் காதுக்கருவி வழியே சொன்ன பிறகே சிவப்பு அட்டை நீட்டினார்.

பெனால்டிகளில் இத்தாலியின் இரண்டாவது உதையை உதைத்துக் கோலாக்கியவர் மெட்டராஸி. பிரான்சின் ட்ரெஸகே உதைத்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கிராஸோ முடித்துவைத்தார், 5-3. பின்னர் ஃபிஃபா விசாரித்து ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் பிராங்க் அபராதமும், மெட்டராஸிக்கு இரண்டு ஆட்டத் தடையும் 5,000 பிராங்க் அபராதமும் விதித்தது. முட்டியவருக்கும் முட்டு வாங்கியவருக்கும் தண்டனையில் இவ்வளவு சிறிய இடைவெளி இருந்ததை அன்று பலர் கேலி செய்தார்கள். சொல்லும் ஒரு செயல்தான் என்று ஃபிஃபா கருதியதாக எடுத்துக்கொண்டால் தீர்ப்பில் தவறில்லை. ஜிடேன் அதோடு ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்குப் பதில் சமூக சேவை செய்தார்.

கலைஞர் அதெல் அப்தெஸ்மெத் அந்த முட்டை ஐந்து மீட்டர் உயர வெண்கலச் சிலையாக வடித்தார். 2012-ல் பாரிஸில் வைக்கப்பட்ட சிலை அடுத்த ஆண்டு தோஹா கடற்கரைக்குப் போய், எதிர்ப்பு கிளம்பியதால் சில வாரங்களிலேயே அகற்றப்பட்டது. தடுப்பாட்டக்காரர்களுக்குச் சிலை கிடைப்பதே அரிது; கிடைத்ததும் கீழே விழுந்துகொண்டிருக்கும் நிலையில்.

இத்தாலிக்காக அவர் ஆடியது 41 ஆட்டங்கள், அடித்தது இரண்டே கோல்கள். இரண்டும் அந்த ஒரே உலகக் கோப்பையில். 2008 ஐரோப்பியக் கோப்பையில் நெதர்லாந்திடம் 3-0 என்று தோற்ற ஆட்டத்தோடு தேசிய அணி வாழ்க்கை முடிந்தது.

இன்டரில் உலகக் கோப்பைக்குப் பிந்தைய ஆண்டுகள் பட்டங்களின் காலம். ஆட்ட முடிவு ஊழலில் யுவென்டஸ் பட்டம் இழந்து 2005-06 பட்டம் இன்டருக்கு வந்தது. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் களத்திலேயே வென்றது. 2007 ஏப்ரலில் பட்டத்தை உறுதிசெய்த ஆட்டத்தில் சியெனாவுக்கு எதிராக இரண்டு கோல்களும் அவருடையவை. மறு ஆண்டு அதே சியெனாவுக்கு எதிராக, சக வீரர் குரூஸிடமிருந்து பந்தை வலிந்து வாங்கி அடித்த பெனால்டியைத் தவறவிட்டார்; பட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. ஆசை, அவசரம், துணிவு மூன்றும் இந்த இரு ஆட்டங்களில் முழுதாகத் தெரிகின்றன.

ஜோஸே மொரினோ பயிற்சியாளராக வந்தபின் நடுத் தடுப்பில் லூசியோவும் சாமுவேலும்தான், மெட்டராஸி மாற்றாள். 2010 மே 22, மட்ரிடில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயர்ன் மியூனிக்கை 2-0 என்று வீழ்த்திக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், இரு கோல்களையும் அடித்த மிலிடோவுக்குப் பதிலாக அவரை இறக்கினார் மொரினோ. 36 வயது வீரருக்குச் செய்த மரியாதை அது. அன்றிரவு மைதானத்துக்கு வெளியே, அணியை விட்டுப் போகும் மொரினோவும் மெட்டராஸியும் கட்டிக்கொண்டு அழுதது கேமராவில் பதிவானது. 2011-ல் இன்டரை விட்டு விலகினார். ஆடும் காலம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

சென்னைக்கு வந்தது

2014 அக்டோபர் 12 அன்று எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. அபிஷேக் பச்சனும் விதா தானியும் உரிமையாளர்களாக, எம்.எஸ். தோனி பங்காளியாகச் சேர, சென்னையின் எஃப்.சி. பிறந்தது. மூன்றாண்டு பந்தைத் தொடாதிருந்த, 41 வயதான மெட்டராஸியை, ஆடிக்கொண்டே அணியை நடத்தும் பயிற்சியாளராக அந்த அணி அழைத்துவந்தது. பெரிய அணி எதையும் அதற்கு முன் அவர் நடத்தியதில்லை.

அந்த முதல் ஐ.எஸ்.எல்., 2006 பெர்லின் இறுதி ஆட்டத்தின் பழைய மாணவர் சந்திப்பாகவே இருந்தது. டெல்லியில் டெல் பியரோ, புனேயில் ட்ரெஸகே. சென்னையின் தடுப்பிலோ, 2006 பிரான்ஸ் அணியில் இடம்பெற்றிருந்த மிக்கேல் சில்வெஸ்டர் மெட்டராஸியின் தலைமையில் ஆடினார். பருவத்தின் பாதிக்குமேல் போனபின் இன்னொருவரும் வந்து சேர்ந்தார்: நெஸ்டா. 2002-லும் 2006-லும் யாருடைய காயத்தால் தனக்கு இடம் கிடைத்ததோ, அவரையே தன் அணிக்கு மாற்றாளாக மெட்டராஸி அழைத்துவந்தார். பெரியமேட்டு ஜவஹர்லால் நேரு மைதானத்துக்கு வந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்த வரிசை மாற்றம் உறைத்திருக்கும் என்பது சந்தேகம். பலருக்கும் அது ஒரு பெரிய பெயர், அவ்வளவே. ஓய்விலிருந்து வந்த நெஸ்டா ஆடியதும் சில ஆட்டங்கள்தான்.

பிரேசிலின் எலானோ எட்டுக் கோல்களோடு தங்கக் காலணி வாங்க, சென்னை 14 ஆட்டங்களில் 23 புள்ளிகளோடு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அரையிறுதியில் கேரளா பிளாஸ்டர்ஸ். கொச்சியில் 3-0 என்று தோல்வி. மூன்று நாள் கழித்து சென்னையில் நடந்த மறு ஆட்டத்தின் முதல் பாதியிலேயே, இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி மெட்டராஸி வெளியேற்றப்பட்டார். ஆள் மாறவில்லை. ஆனால் அணி கலையவில்லை. சில்வெஸ்டர் ஒரு கோல், கேரளாவின் ஜிங்கன் தன் கோலுக்கே ஒன்று, தொண்ணூறாம் நிமிடத்தில் ஜெஜே லால்பெக்லுவா ஒன்று. மொத்தக் கணக்கு 3-3. கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கையில் ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்காக அடித்த கோல் எல்லாவற்றையும் முடித்தது. மெட்டராஸி காலணியைக் கழற்றியதும் அந்தப் பருவத்தோடுதான்.

வெள்ளமும் கோப்பையும்

2015 பருவத்தில் அவர் பயிற்சியாளர் மட்டும். தடுப்பில் பிரேசிலின் மெய்ல்சன் ஆல்வெஸ், பிரான்சின் பெர்னார் மென்டி. நடுக்களத்தில் இத்தாலியின் மனுவேலே பிளாசி, பிரேசிலின் ரஃபேல் அகஸ்டோ. முன்னால் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோஸா. களத்தில் ஐந்து இந்தியர்களாவது இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. மிசோரமின் ஜெஜே அவர்களில் முதன்மையானவர். வடசென்னையில் கால்பந்துக்குப் பேர்போன வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷும் அணியில் இருந்தார்.

பத்து ஆட்டங்களில் பத்தே புள்ளிகள். பட்டியலின் அடித்தட்டில் அணி கிடந்தது. அங்கிருந்து கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று 22 புள்ளிகளோடு மூன்றாமிடம் பிடித்து அரையிறுதிக்கு வந்தது. பெரிய தந்திர மாற்றம் எதையும் இதற்குக் காரணமாகக் காட்டுவது கடினம். மென்டோஸாவின் வேகத்துக்குப் பந்தை நீளமாகப் போடு, பின்னால் கதவைச் சாத்து. ஏறக்குறைய அவ்வளவுதான் திட்டம். மெட்டராஸியின் பங்கு வேறிடத்தில் இருந்தது. மொரினோவிடம் அவர் பார்த்தது, ஓர் அணியை உலகமே தங்களுக்கு எதிரி என்று நம்பவைக்கும் வித்தை. கோல் விழுந்தால் களத்துக்குள்ளேயே ஓடிவிடுவார், தோற்ற வீரனைக் கட்டிக்கொள்வார், நடுவரிடம் வாதாடுவார். குறுகிய போட்டித்தொடருக்கு அது போதுமாயிருந்தது.

இடையில் ஊர் மூழ்கியது. டிசம்பர் 1 பெருமழையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்த நீர் அடையாற்றில் பாய்ந்து சென்னைக்குள் புகுந்தது. விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அந்த நிலையில் நேரு மைதானத்தில் அரையிறுதி நடத்த வழியில்லை. தன் சொந்த ஊர் ஆட்டத்தை சென்னை அணி டிசம்பர் 12 அன்று புனேயின் பாலேவாடியில் ஆடியது. நடப்புச் சாம்பியன் அட்லெடிகோ டி கொல்கத்தாவை அங்கே 3-0 என்று வென்றது; கொல்கத்தாவில் 2-1 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2 என முன்னேறியது. கொல்கத்தாவில் அடித்த அந்த ஒரு கோல், முந்தைய ஆண்டு கொல்கத்தாவுக்கே ஆடிய எத்தியோப்பியர் ஃபிக்ரூவுடையது.

டிசம்பர் 20, கோவாவின் ஃபதோர்தா மைதானம். எதிரே ஜிகோவின் எஃப்.சி. கோவா, அதுவும் அவர்கள் சொந்த மண்ணில். 54-ம் நிமிடம் புரூனோ பெலிசாரி சென்னைக்காக முதல் கோல். நான்கே நிமிடத்தில் ஹாவ்கிப் சமன் செய்தார். 87-ம் நிமிடம் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கைக் கோலாக்க, கோவா 2-1. மைதானம் கொண்டாட்டத்துக்கு எழுந்துவிட்டது. தொண்ணூறாம் நிமிடம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி, வந்த பந்தைத் தட்டிவிட முயன்று தன் கோலுக்குள்ளேயே தள்ளினார். இரண்டு நிமிடம் கழித்து மென்டோஸா. 3-2. ஒரு தடுப்பாட்டக்காரர் நடத்திய அணி, தடுத்து நிற்க முடியாமல் இரண்டு கோல் வாங்கி, கடைசி மூச்சில் பறித்த பட்டம் அது. 13 கோல்களோடு தங்கக் காலணி மென்டோஸாவுக்கு. வளர்ந்துவரும் வீரர் விருது ஜெஜேவுக்கு.

2016-ல் மென்டோஸா இல்லை. அவருக்கு ஈடாக வந்தவர்கள் யாரும் ஈடாகவில்லை. நார்வேயின் ஜான் ஆர்னே ரீசே போன்ற பெயர்கள் இருந்தும் சென்னை எட்டு அணிகளில் ஏழாவதாக முடித்தது. உணர்ச்சியால் அணியைத் தூக்கும் பயிற்சியாளருக்கு, அந்த உணர்ச்சி வேலை செய்யாத ஆண்டில் கைகொடுக்க மாற்றுத் திட்டம் இருக்கவேண்டும். அது அவரிடம் இல்லை என்பதை அந்தப் பருவம் காட்டிவிட்டது. 2017 மார்ச்சில் இருதரப்பும் பேசிப் பிரிந்தார்கள். இங்கிலாந்தின் ஜான் கிரிகரி அந்த இடத்துக்கு வந்தார்.

மெட்டராஸி சேர்த்த ஆட்கள் பலர் அணியில் நீடித்தார்கள். 2018 மார்ச் 13 அன்று கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் தன்பால் கணேஷ் ஒரு கோல் அடித்தார். மார்ச் 17 அன்று பெங்களூரில், பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என வீழ்த்திச் சென்னை இரண்டாம் பட்டத்தை வென்றபோது, மூன்று கோல்களும் 2015 அணியின் ஆட்களுடையவை. மூன்றாவது ரஃபேல் அகஸ்டோவுடையது. முதல் இரண்டும் கார்னர் பந்துகளை ஒரு நடுத் தடுப்பாட்டக்காரர் தலையால் முட்டி அடித்தவை. அவர் மெய்ல்சன் ஆல்வெஸ். சென்னையை விட்டுப் போனபின் மெட்டராஸி வேறெந்தத் தொழில்முறை அணிக்கும் பயிற்சியாளராகவில்லை.